கொள்ளைநோயும் தாதியர் உள்ளமும்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீன நாட்டின் ஹுனான் மாகாணத் தலைநகராகிய சாங்ஷாவில் உள்ள ஒரு பெரிய வைத்தியசாலை, தன் ஊழியரின் மனத்துயரை ஆற்றுவதற்கென ஒரு திட்டத்தை வகுத்தது. இரண்டாம் சியாங்யா வைத்தியசாலை என்பது அதன் பெயர். அண்டை மாகாணத்து வூஹான் நகரில் வெளிப்பட்ட கொவிட் நோய் அதற்குள் சீன நாடெங்கும் பரவிவிட்டது. நோயாளரைப் பராமரிக்கும் தாதியரும் வைத்தியரும் மனமுடைந்து போகலாகாது என்பதே வைத்தியசாலையாரின் நல்லெண்ணம். உளநல அறிஞர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. தொலைபேசி வாயிலாக ஆறுதல் கூற ஆட்கள் அமர்த்தப்பட்டனர். பலர் ஒருங்கு கூடி மனப்பாரத்தை இறக்கிவைப்பதற்கும் ஒழுங்குகள் செய்யப்பட்டன.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் அவற்றை நாடி வர ஊழியர்கள் தயங்கினர். தாதியருட் சிலர் எரிந்து விழுந்தனர். ஓய்வெடுக்குமாறு கூறியபோது மறுத்தனர். துயரத்தின் அறிகுறிகள் யாவும் அவர்களிடத்தே காணப்பட்டன. ஆயினும் தமக்கு ஒரு குறையும் இல்லையென்றே அவர்கள் சாதித்தனர். இதன் காரணம் யாது என அறிய விரும்பிய வைத்தியசாலையார், ஊழியர் பதின்மூவரைத் தனித்தனியே அழைத்து, அரைமணி நேரம் பொறுமையுடன் கேட்டனர். அப்பொழுதே உண்மை வெளியாயிற்று.

தமக்கு நோய் தொற்றிவிடுமோ என்பது அவர்களுடைய முதற் கவலையாக இருக்கவில்லை. அந்நோயைத் தம் வீட்டுக்குக் கொண்டு சென்றுவிடுவோமோ என்றே அவர்கள் அஞ்சினர். வீட்டார் தம்மை எண்ணி வருந்தலாகாதே என்பது அடுத்த கவலை. பீதியுற்று, சொற்கேளாது முரண்டும் நோயாளரை எவ்வாறு சமாளிப்பது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பாதுகாப்பு அங்கிகளும் முகக்கவசங்களும் போதாமற் போய்விடும் என்ற ஏக்கமும் இருந்தது. சுருங்கக் கூறின், அவர்களிற் பலருக்கு வேண்டியிருந்தது உளவியல் அறிஞர் அன்று. இடையூறின்றி உறங்க ஓர் இடமும், போதிய பாதுகாப்புச் சாதனங்களுமே.

பாராட்டத்தக்க செய்தி யாதெனில், வைத்தியசாலை தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. வீட்டாரைப் பிரிந்து தங்குவதற்கு ஓர் ஓய்விடம் ஒதுக்கப்பட்டது. உணவுக்கும் அன்றாடத் தேவைகளுக்கும் உத்தரவாதம் அளிக்கப்பட்டது. தாம் பணிபுரியும் முறையைப் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்ப உதவி செய்யப்பட்டது. முரண்படும் நோயாளரைக் கையாளும் வகை கற்பிக்கப்பட்டது. வேண்டியபோது காவலாளர் துணைக்கு அனுப்பப்பட்டனர். உளநல ஆலோசகரோ, தம் அறையில் அமர்ந்து பிறர் வரவை எதிர்நோக்காது, தாதியர் ஓய்வெடுக்கும் இடத்துக்குத் தாமே சென்று, அவர்கள் கூறுவதைக் கேட்டனர். முன்னர் வர மறுத்தவர்கள் பின்னர் வாய்திறந்து பேசினர்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. தாதியின் மனவலிமை அவளுடைய பிறவிக்குணம் என்றும், பொறுமையும் தியாகமும் அவளிடம் வற்றாது சுரப்பன என்றும் உலகம் எண்ணிப் பழகிவிட்டது. ஆனால் அவ்வலிமை பெரும்பாலும் அவள் பணியாற்றும் வைத்தியசாலையின் ஒழுங்கினால் காக்கப்படுகின்றது. அவ்வொழுங்கு தவறும்போது சிதைகின்றது.

மனத்தின் சிதைவு எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் தகும். 1960ஆம் ஆண்டில் இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வு அறிஞர், இலண்டன் நகரத்துப் பொது வைத்தியசாலை ஒன்றின் தாதியர் சேவையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயையும் வேதனையையும் மரணத்தையும் நாள்தோறும் அருகிருந்து காண்பவர்கள் அவற்றால் நிலைகுலைந்து போகாதிருக்க, வைத்தியசாலையின் வழக்கங்களே ஒரு மதிலாக அமைந்துள்ளன என்று அவர் கண்டார். ஒரு நோயாளரை ஒரே தாதி முழுவதும் பராமரிப்பதில்லை. பணிகள் பலருக்கும் துண்டு துண்டாகப் பகிர்ந்தளிக்கப்படும். நோயாளரைப் பெயர் சொல்லி அழையாது, கட்டில் இலக்கத்தாலும் நோயின் பெயராலும் குறிப்பிடுவர். கேட்போருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். உண்மையில் அது நெஞ்சு வெடித்துவிடாதிருக்கக் கட்டிய அணை. அவ்வணை தாதியரைக் காத்ததைப் போலவே, பணியால் வரும் மனநிறைவையும் அவர்களிடமிருந்து பறித்தது என்பதையும் அவ்வறிஞர் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

கொவிட் காலத்தில் இடிந்தது இந்த மதிலே. உற்றார் உறவினர் வைத்தியசாலைக்குள் வருவது பல நாடுகளிலும் தடுக்கப்பட்டது. தலைமாட்டில் அமர்ந்து கைபிடித்திருக்க மனைவி இல்லை. வாயில் நீர் வார்க்க மகன் இல்லை. உயிர் பிரியும் வேளையில் கைத்தொலைபேசியை ஏந்திப் பிடித்து, தூரத்தே இருந்து அழும் பிள்ளைகளின் குரலைத் தந்தையின் செவியில் சேர்க்கும் பணி தாதிக்கு வந்து சேர்ந்தது. அந்நிலையில் கட்டில் இலக்கம் என்ற திரை எங்ஙனம் நிற்கும்? தாதியே மனைவியாகவும் மகளாகவும் நின்று வழியனுப்பிவைத்தாள். அதன்பின் கையைக் கழுவி, அங்கியை மாற்றி, அடுத்த கட்டிலுக்குச் சென்றாள்.

இதனினும் கொடிய துயரம் வேறொன்று உண்டு. 1984ஆம் ஆண்டில் அண்ட்றூ ஜேமற்றன் என்ற அமெரிக்க அறவியல் அறிஞர், தாதியர் தொழிலைப் பற்றிய தம் நூலில் அதற்கு ‘அறத்துயர்’ என்று பொருள்படும் ஒரு பெயரை வழங்கினார். செய்யத் தக்கது இதுவென்று ஒருவருக்கு ஐயமின்றித் தெரிகின்றது. ஆனால் அவர் பணிபுரியும் நிறுவனத்தின் நிலைமை அதனைச் செய்யவிடாது தடுக்கின்றது. அவ்வேளையில் உண்டாகும் வேதனையே அறத்துயர். இங்கிலாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கடும் நோயாளர் ஒருவருக்குத் தாதி ஒருவர் என்பது வழமை. 2020ஆம் ஆண்டு கொவிட் நோயாளர் பெருகியபோது, பயிற்சி பெற்ற ஒரு தாதி, அனுபவமற்ற பிறரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பல நோயாளரைக் கவனிக்க வேண்டியதாயிற்று. ஒருவரின் மூச்சுக் குழாயைச் சரிசெய்துகொண்டிருக்கையில் மற்றொருவரின் கருவி அபாய ஒலி எழுப்பும். எவரிடம் முதலில் ஓடுவது? எவரை விட்டுச் செல்வது? அக்கேள்விக்கு அன்றிரவு அவள் செயலால் விடையளித்துவிட்டாள். ஆனால் அவள் மனம் அதனைப் பல மாதம் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இது வெறும் கற்பனையன்று. 2020 ஜூன், ஜூலை மாதங்களில் இங்கிலாந்தின் ஒன்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த ஊழியர் 709 பேரிடம் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர் வினாக்கொத்து ஒன்றை அளித்து விடை பெற்றனர். அவர்களுள் நூற்றுக்கு 40 பேர், கொடிய அனுபவத்தின் வடு நெஞ்சைவிட்டு அகலாது வருத்தும் நிலையின் அறிகுறிகளைத் தெரிவித்தனர். வைத்தியரைக் காட்டிலும் தாதியரிடத்தே இத்துயர் மிகுந்திருந்தது. சீனாவில், அவ்வாண்டு ஜனவரி இறுதியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் 34 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1,257 பேரிடம் நிகழ்த்திய ஆய்விலும், தாதியரும் பெண்களும் நோயாளரை நேர்நின்று பராமரித்தோருமே கூடுதலான துயர் உற்றவராகக் காணப்பட்டனர். வினாக்கொத்தில் வெளிப்படும் அறிகுறியை வைத்தியர் உறுதிசெய்த நோயெனக் கொள்ளல் ஆகாது. எனினும், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு அறிஞர் ஒரே திசையைச் சுட்டுவதைப் புறக்கணிப்பதற்கும் இல்லை.

இனி, நோய் நீங்கிய பின்னர் இத்துயரும் தானாகவே நீங்கிவிடாதோ என்று கேட்பார் உளர். கொவிட் நோயைப் பொறுத்த உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதென உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அறிவித்தது. அவ்வறிவிப்போடு தாதியர் உள்ளத்து அவசரநிலையும் முடிந்துவிட்டதா? இக்கேள்விக்கு விடை காண, இன்னும் இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, கனடா நாட்டின் ரொறன்ரோ நகரை நோக்க வேண்டும்.

2003ஆம் ஆண்டில் சார்ஸ் என்னும் கொடிய சுவாச நோய் பல நாடுகளிற் பரவியது. உலகெங்கும் 8,096 பேர் நோயுற்றனர். 774 பேர் மாண்டனர். நோயுற்றோருள் ஐவரில் ஒருவர் வைத்தியசாலை ஊழியர். ஹொங்கொங்கிலிருந்து திரும்பிய ஒரு முதிய பெண்மணி வாயிலாக ரொறன்ரோவுக்கு வந்த அந்நோய், இன்று இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராக வாழும் ஸ்காபரோப் பகுதியின் வைத்தியசாலை ஒன்றில் முதலிற் பரவியது. மார்ச் 26ஆம் நாள் ஒன்ராறியோ மாகாணம் அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. தாதியர் பலர் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கும், வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குமன்றி வேறெங்கும் செல்லலாகாது எனக் கட்டளையிடப்பட்டனர். வீட்டிலும் முகக்கவசம் அணிந்து, தனியறையில் உறங்கி, தம் குழந்தையைத் தழுவவும் அஞ்சி அவர்கள் நாட்களைக் கழித்தனர்.

மே மாதம் 17ஆம் நாள் அவசரநிலை நீக்கப்பட்டது. நோய் ஓய்ந்தது என எண்ணிப் பாதுகாப்பு முறைகளும் தளர்த்தப்பட்டன. ஆயின், நோர்த் யோர்க் பொது வைத்தியசாலையின் தாதியர் சிலருக்கு ஓர் ஐயம். எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெறும் விடுதியில் இருந்த நோயாளர்க்குக் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் ஏன் வருகின்றன? இது அதே நோயாக இருக்குமோ? தம் ஐயத்தை அவர்கள் மேலிடத்தாரிடம் எடுத்துரைத்தனர். அது சார்ஸ் அன்று என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. சில நாட்களில், மே 23ஆம் நாளன்று, நோய் மீண்டும் பரவிவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. ஒன்ராறியோவில் அந்நோயால் இறந்த 44 பேருள் இரு தாதியரும் ஒரு வைத்தியரும் அடங்குவர்.

நீதிபதி ஆர்ச்சி கம்பெல் தலைமையில் இதனை விசாரித்த ஆணைக்குழு, 2007ஆம் ஆண்டில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. ஊழியரைக் காக்கும் நடவடிக்கைகளை எடுப்பதற்கு, அறிவியல் ஐயந்திரிபற நிரூபிக்கும்வரை காத்திருக்கலாகாது என்பது அவ்வறிக்கையின் அழுத்தமான முடிபு. தாதியரின் சொல் செவிசாய்க்கப்படாமையையும் அது மறையாது பதிவுசெய்தது. இந்த இரண்டும் உடற் பாதுகாப்பைப் பற்றியன போலத் தோன்றினும், உள்ளத்தையும் தொடுவன. தான் கண்டதைச் சொல்லியும் கேட்பாரில்லை என்ற நினைவு, நோயைக் காட்டிலும் நெடுங்காலம் நெஞ்சில் தங்கவல்லது.

எவ்வளவு காலம் தங்கும் என்பதையும் ரொறன்ரோவின் அறிஞர்களே அளந்து காட்டினர். உளமருத்துவர் றொபேட் மோண்டர் தலைமையிலான குழு, நோய் ஓய்ந்து 13 முதல் 26 மாதங்களின் பின், சார்ஸ் நோயாளரைப் பராமரித்த ஒன்பது ரொறன்ரோ வைத்தியசாலைகளின் ஊழியரையும், அந்நோயாளரைக் காணாத நான்கு ஹமில்ரன் வைத்தியசாலைகளின் ஊழியரையும் ஒப்புநோக்கியது. ஹமில்ரன் நகரம் அதே மாகாணத்திலே, ரொறன்ரோவுக்கு அண்மையிலே உள்ளது. தொழிலும் ஒன்று, சட்டமும் ஒன்று. வேறுபாடு, கொள்ளைநோய் ஒன்றே. எண்ணெய் வற்றிய விளக்கைப் போலத் தொழிலால் முற்றும் சோர்ந்துபோனவர் ஹமில்ரனில் நூற்றுக்கு 19 பேர்; ரொறன்ரோவில் 30 பேர். மனத்துயர் உற்றோர் அங்கே 30 பேர். இங்கே 45 பேர். நோயாளரை அணுகும் பணியைக் குறைத்துக்கொண்டோரும், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டோரும் ரொறன்ரோவிலேயே மிகுதியாகக் காணப்பட்டனர். நோய் ஓய்ந்து ஈராண்டு சென்ற பின்னும் நிலைமை இதுவாக இருந்தது.

அவ்வாராய்ச்சி ஆறுதலான ஒரு செய்தியையும் தந்தது. தமக்குப் போதிய பயிற்சி கிடைத்தது, தம்மை மேலிடம் ஆதரித்தது, தம்மைக் காப்பதற்கு வேண்டியன செய்யப்பட்டன என்று கருதிய ஊழியர், அத்துயருக்குக் குறைவாகவே ஆளாகியிருந்தனர். சாங்ஷாவின் தாதியர் கேட்டவையும் ரொறன்ரோவின் அறிஞர் கண்டவையும் ஒன்றாகவே அமைந்தமை கருதத்தக்கது.

இவ்வுண்மையை முன்வைத்துக்கொண்டு, சமுதாயம் தாதியருக்கு அளித்தது யாது என்று பார்க்கலாம். 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு, இந்திய மக்கள் தத்தம் வாயிலில் நின்று கைதட்டியும் தட்டொலித்தும் வைத்தியசாலை ஊழியரைப் பாராட்டினர். அதே நாட்டில், சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 22ஆம் நாள் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. வைத்தியரையும் தாதியரையும் தாக்குவோருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் அது. வாடகை வீட்டிலிருந்து வெளியேறுமாறு அவர்களை வற்புறுத்தியோரும், வழியில் மறித்து அவமதித்தோரும் இருந்தமையே அதற்குக் காரணம். பிரித்தானியாவில் அவ்வாண்டு மார்ச் 26 முதல் பத்து வாரம், வியாழக்கிழமை இரவு தோறும் கரவொலி எழுந்தது. ஆனால் 2022 டிசம்பர் 15ஆம் நாள், ஊதியமும் ஆட்பற்றாக்குறையும் பற்றிய குறைகளை முன்வைத்து, அதே நாட்டின் தாதியர் வேலைநிறுத்தம் செய்து வீதியில் நின்றனர்.

கைதட்டியவர்களின் அன்பு பொய்யன்று. ஆனால் வீராங்கனை என்று போற்றப்படுகிறவளுக்குத் தன் அச்சத்தை வெளியிடுதல் அரிதாகிவிடுகின்றது. வீரருக்கு அழுகை ஏது? களைப்பு ஏது? தன்னை எல்லோரும் மலையென எண்ணியிருக்கையில், தனக்கு உறக்கம் வருவதில்லை என்று அவள் எவரிடம் போய்ச் சொல்வாள்? புகழ்மொழியே அவள் வாய்க்குப் பூட்டாகிவிடுதலும் உண்டு.

பிளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதும் இந்த 2020ஆம் ஆண்டிலேதான். அதனை முன்னிட்டு அவ்வாண்டைத் தாதியருக்கும் மருத்துவ மாதருக்கும் உரிய ஆண்டென உலக சுகாதார நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. இருளில் விளக்கேந்தி நோயாளரை நாடி வந்த பெருமாட்டியாகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி வைத்தியசாலையிலிருந்து அவர் விடாது கேட்டவை துணி, உணவு, சவர்க்காரம் முதலிய சாதாரணப் பொருள்கள். 1855ஆம் ஆண்டில் அங்கு வந்த சுகாதாரக் குழுவினர் கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தைச் சீர்செய்த பின்னரே மரணங்கள் பெரிதும் குறைந்தன. அதனைப் பின்னாளிற் கணக்கெடுத்து, வரைபடம் வரைந்து, ஆட்சியாளர்க்கு உணர்த்தியவரும் அவரே. போரிலிருந்து திரும்பிய பின் அவர் தாமும் நெடுங்காலம் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. விளக்கைப் போற்றும் உலகம், வாய்க்காலை மறந்துவிடலாகாது.

இலங்கையிலும் இப்பாடம் அயலான் வீட்டுக் கதையன்று. 2020 ஜனவரி 27ஆம் நாள், இந்நாட்டின் முதல் கொவிட் நோயாளராகிய சீனப் பெண்மணி, அங்கொடையிலுள்ள தேசிய தொற்றுநோய் நிறுவகத்தில் அடையாளங் காணப்பட்டு, அங்கேயே பராமரிக்கப்பட்டுக் குணமடைந்து திரும்பினார். அன்று தொடங்கி, 2021ஆம் ஆகஸ்ட் மாதத்தின் கொடிய நாட்களைத் தாண்டி, இத்தீவின் வைத்தியசாலைகள்தோறும் தாதியர் இரவு பகலாக உழைத்தனர். அதனைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. சுகாதாரத் துறையினர் பலர் பிறநாடு நோக்கிப் புறப்பட்டனர். எஞ்சியவர் தோளில் பாரம் கூடிற்று. இளைப்பாற ஒரு காலம் வாய்க்காமலே, ஒரு துன்பத்திலிருந்து மற்றொரு துன்பத்துக்கு அவர்கள் கடந்து சென்றனர்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். வரும் என்பது மட்டும் வரலாறு கூறும் உண்மை. ஆதலின், அது வருமுன் செய்யத்தக்கன சில. பாதுகாப்புச் சாதனங்களைச் சேமித்து வைத்தலும், அவற்றை அணியும் முறையைப் பயிற்றுதலும் அமைதிக் காலத்துப் பணிகள். தாதியர் உறங்குவதற்கென ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஓர் அமைதியான அறை வேண்டும். புதியவர் ஒருவர் இரவுக் கடமையில் தனித்து விடப்படாமல் அனுபவமுள்ளவர் ஒருவரோடு இணைக்கப்பட வேண்டும். தாதி ஒருவர் எழுப்பும் ஐயத்தை மேலிடத்தார் கேட்டு, அதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட வேண்டும். மனத்துயரென்று வந்தவருக்குப் பதவி உயர்விலோ தொழிலிலோ குறை நேராதென்ற உறுதி வேண்டும். நோய் ஓய்ந்த பின்னரும் ஈராண்டுக்கேனும் அவர்களின் நலத்தை விசாரித்தல் வேண்டும். ரொறன்ரோ கற்பித்த பாடம் அது.

உளமருத்துவ உதவி வேண்டாததென்று இதனாற் கொள்ளலாகாது. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், பணிக்குச் செல்லும் எண்ணமே நடுக்கம் தந்தால், வாழ்வில் வெறுப்பு மேலிட்டால், உரிய வைத்தியரை நாடுதலே அறிவுடைமை. காய்ச்சலுக்கு மருந்துண்ணுவதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் ஏன்? பிறருக்கு நோயில் துணைநிற்போர், தம் நோயில் துணை தேடுதல் குற்றமன்று.

வீட்டாருக்கும் அயலாருக்கும் ஒரு பங்கு உண்டு. இரவுக் கடமை முடிந்து காலையில் வாசற்படி ஏறும் மகளிடம், மருமகளிடம், அங்கே என்ன நடந்தது என்று துருவிக் கேட்க வேண்டுவதில்லை. சூடாக ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, பிள்ளைகளைச் சற்று அப்பால் அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி உறங்கவிட்டால் அதுவே பேருதவி. உறங்கி எழுந்து அவளாகவே ஏதேனும் சொல்லத் தொடங்குவாளாயின், செய்யும் வேலையை நிறுத்திவைத்துவிட்டு, அருகில் அமர்ந்து கேட்க வேண்டும்.